எச்சம், நஞ்சு, நிலம்: செங்கல்பட்டில் ஒரு வாழிடக் கணக்கு

வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரி அல்ல. சுமார் 30 ஹெக்டேர்தான். பக்கத்திலிருக்கும் மதுராந்தகம் ஏரியோடு ஒப்பிட்டால் பெயருக்கேற்ற தாங்கல். வடகிழக்குப் பருவமழை பிடித்து ஏரி நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்று ஒரே கிளையில் பல குடித்தனங்கள் அமைகின்றன. மாதக்கணக்கில் கீழே விழும் எச்சம் நீரில் கரைகிறது. அந்த நீர் மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த தண்ணீர் அது. பறவை வந்தால் நெல் செழிக்கும் என்பது இந்த ஊரில் தலைமுறைகளாகக் கைமாறி வரும் விவசாயக் கணக்கு.

அந்தக் கணக்கு அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது 1790களில். செங்கல்பட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் மக்கள் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகள் போய்விட்டால் விளைச்சல் போகும் என்பதுதான் அவர்கள் வைத்த வாதம். விளைச்சல் போனால் வரியும் குறையும் என்பதை ஒரு கலெக்டருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1798 வாக்கில் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர் ஊராருக்குக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-ல் அந்த உரிமையை ஊரார் புதுப்பித்து வாங்கினார்கள். சரணாலயம் என்று அரசு அங்கீகரித்தது 1936-ல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்.

ஆக, சட்டத்துக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பாதுகாப்பு இருந்தது. அதைத் தாங்கியது ஊராரின் வரவு செலவு.

இப்படி வரவு செலவைக் கொண்டு காட்டையும் நீர்நிலையையும் காப்பதைப் பொருளாதார அறிஞர்கள் இன்று சந்தை சார்ந்த கருவிகள் என்கிறார்கள். சட்டம் 'அழிக்காதே' என்கிறது. சந்தைக் கருவி 'காப்பாற்று, உனக்கு வரவு உண்டு' என்கிறது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா 1996-ல் வனச் சட்டம் இயற்றி, மறு ஆண்டிலிருந்து எரிபொருள் வரியின் ஒரு பங்கை எடுத்துக் காடு வைத்திருக்கும் நில உடைமையாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படும் உதாரணம் அது. இன்னும் நெருக்கமான உதாரணம் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் இருக்கும் கொக்கரேபெள்ளூர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுவது வீட்டு வாசலில் நிற்கும் புளிய மரங்களில். கூடு இருக்கும் காலத்தில் மரத்தை உலுக்கிப் புளி எடுக்க முடியாது. அந்த இழப்புக்காக மரக் கணக்கில் உடைமையாளர்களுக்கு வனத்துறை பணம் தருகிறது. தொகை சிறியது. ஆனாலும் ஒரு மரத்தை வெட்டுவதா விடுவதா என்று வீட்டில் பேச்சு வரும்போது பறவையின் பக்கம் வைக்க அந்தத் தொகை இருக்கிறது.

வேடந்தாங்கல் இவற்றைவிட மூத்தது, எளிமையானதும்கூட. பணம் கைமாறவே இல்லை. பறவை இடம் கேட்டது, வாடகையை உரமாகக் கொடுத்தது. ஏற்பாடு நீடித்ததற்கு ஒரு காரணத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏரியும் வயலும் ஒரே ஊராரின் கையில் இருந்தன. காப்பாற்றியவரே பலனையும் அறுத்தார். பறவை மிரளாமலிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் விட்ட குடும்பத்துக்கு, அந்த விட்டுக்கொடுப்பு தை மாத அறுவடையில் திரும்பி வந்தது.

ஆனால் வாடகையின் மதிப்பு நிலையாக இருக்கவில்லை. பசுமைப் புரட்சிக்குப் பிறகு மானிய விலையில் யூரியா மூட்டை வந்தது. ஒரு மூட்டையில் கிடைக்கும் தழைச்சத்துக்காக நாரையின் வருகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெடி வெடிக்காத வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதை நிறுத்திப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஊரின் பெருமையும் பழக்கமும்தான். பழைய வரவு மெலிந்துவிட்டது. இந்த மாவட்டத்தில் யோசிக்க வேண்டிய முதல் செய்தி இது. உயிரினத்தின் மதிப்பு ஒரே ஒரு பயனில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பயனுக்கு மலிவான மாற்று வந்த அன்றே பேரம் ஆட்டம் காண்கிறது.

இரண்டாவது செய்தி நிலம் பற்றியது. பறவை கூடு கட்டுவது 30 ஹெக்டேரில். இரை தேடுவதோ சுற்றியிருக்கும் ஏரிகளிலும் குளங்களிலும் நெல் வயல்களிலும். நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தை வேண்டும். கூழைக்கடாவுக்கு மதுராந்தகம் போன்ற பெரிய ஏரியின் மீன் வேண்டும். இதை உணர்ந்துதான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு நிலத்துக்காரருக்கு எந்த வரவும் சேர்ந்து வரவில்லை. வயலாகவே வைத்திருப்பவருக்கும் மனையாக விற்க நினைப்பவருக்கும் அரசு சொன்னது ஒரே சொல்: கூடாது. 2020-ல் இந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கும் முன்மொழிவு வனத்துறையிலிருந்தே எழுந்தபோது சூழலியலாளர்கள் கொதித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலக அங்கீகாரம் நல்லதுதான். ஆயக்கட்டு விவசாயியின் வீட்டு வரவில் அதனால் ஒரு ரூபாய் கூடியதா என்பதுதான் இங்கே எழ வேண்டிய கேள்வி.

வேடந்தாங்கலிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு வந்தால், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். சந்தையைக் கொண்டு ஓர் உயிரினத்தைக் காத்த முயற்சிகளில் இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

கதை தோலில் தொடங்குகிறது. பாம்புத் தோல் கைப்பையும் செருப்பும் மேலை நாடுகளில் விலைபோன காலத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர் கையில் கடப்பாரையோடு வரப்பு வரப்பாகப் போய், எலி வளையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். பிடித்த பாம்பின் தோலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். லாபமெல்லாம் தோல் வியாபாரியோடும் ஏற்றுமதியாளரோடும் நின்றது. 1972-ன் சட்டமும், 1976-ல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை மூடின. பாம்புக்கு அது நல்ல செய்தி. இருளருக்கோ ஒரே நாளில் தொழில் சட்டவிரோதமானது. வேறு நிலமும் இல்லை, வேறு வேலையும் இல்லை.

தடை மட்டும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கள்ளத் தோல் வியாபாரம் நடந்திருக்கும், வழக்கும் சிறையும் இருளருக்கு வந்திருக்கும். அந்த இடத்தில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் வேறொரு கணக்கைப் போட்டார். சென்னையில் பாம்புப் பண்ணையையும் 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் தொடங்கியவர் அவர். பாம்பு செத்தால் ஒரு தோல், ஒரே ஒரு முறை. உயிரோடிருந்தால் நஞ்சு, மீண்டும் மீண்டும். நஞ்சுமுறி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு நஞ்சு வேண்டும். அதைத் தரும் திறமை இருளரிடம் இருந்தது. 1978-ல் சங்கம் பதிவானது.

நடைமுறையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் இதன் நுட்பம் புரியும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டுமே பிடிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் இத்தனை பாம்பு என்ற வரம்போடு வனத்துறை அனுமதி கொடுக்கிறது. உறுப்பினர் கொண்டுவரும் பாம்புக்கு, இனத்தைப் பொறுத்து நிர்ணயித்த தொகை. வந்த பாம்பு மணல் போட்ட மண்பானைக்குள் போகிறது, பானையின் வாய்க்குத் துணி கட்டப்படுகிறது. மூன்று நான்கு வாரம் அது அங்கே விருந்தாளி. வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைத்து மறுபடி வெளியில் விடுகிறார்கள். அடையாளத்தோடு இருக்கும் பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் சங்கம் அதை எடுத்துக்கொள்வதில்லை. சில முறை சட்டை உரித்த பிறகு அந்த அடையாளம் மறைந்துவிடும். எண்ணிக்கை வரம்பு, காலவரம்பு, அடையாளம், திரும்ப விடுதல் என்று நான்கு பூட்டுகள் இருப்பதால்தான் இந்தச் சந்தை பாம்பைத் தின்னாமல் இருக்கிறது.

எடுத்த நஞ்சு உறைய வைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறு அளவில் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். நாட்டின் நஞ்சுத் தேவையில் சுமார் 80 விழுக்காடு இந்தச் சங்கத்திலிருந்து போனதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். எங்கோ பீகாரிலோ ஒடிசாவிலோ வயலில் கடிபட்டு ஆஸ்பத்திரியில் பிழைத்தவரின் உடலில் ஓடிய மருந்துக்கு, செங்கல்பட்டு வரப்பு ஒன்றில் இருளர் ஒருவர் பிடித்த பாம்பு மூலமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இருளரின் அறிவுக்கு வெளியுலகம் தந்த மதிப்பும் சிறியதல்ல. 2017-ல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகி உள்ளூர் விலங்குகளை விழுங்கிக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பது வேலை. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த வெற்றியை முழு மனதோடு கொண்டாடலாம். அதேவேளை இதற்குள் இருக்கும் ஓட்டையையும் மறைக்கக் கூடாது. சந்தை விலை வைத்தது நஞ்சுக்கு. பாம்பு வாழும் வரப்புக்கும் புதருக்கும் கரையான் புற்றுக்கும் அது ஒரு காசும் வைக்கவில்லை. இருளர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவர்கள் பாம்பு பிடிப்பது அடுத்தவர் வயலில், புறம்போக்கில், ஏரிக்கரையில். பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அகலமாக அகலமாக, வயல் மனைப்பிரிவானது, சவுக்குத் தோப்பு பண்ணை வீடானது, புதர் மதில் சுவரானது. சென்ட் கணக்கில் நிலம் விலைபேசப்படும் இடத்தில், ஒரு கட்டு விரியன் தரும் நஞ்சின் விலை எந்தப் பேரத்துக்குள்ளும் நுழைய முடியாது. பாம்பை உயிரோடு விட இருளருக்குக் காரணம் கிடைத்தது. பாம்பின் வீட்டைக் காப்பாற்ற அவருக்கு அதிகாரம் கிடைக்கவில்லை. வேடந்தாங்கலில் இருந்த, இங்கே இல்லாத அம்சம் அதுதான்: நிலமும் பலனும் ஒரே கையில் இருப்பது.

சங்கத்தின் சந்தையும் ஆபத்தில்லாதது அல்ல. அரசு அனுமதி தாமதமானால் அந்தப் பருவத்தின் வருமானமே போகிறது. பாம்பின் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்றும், தமிழ்நாட்டு நஞ்சிலிருந்து செய்த மருந்து மற்ற மாநிலக் கடிகளில் எல்லா நேரமும் முழுப் பலன் தருவதில்லை என்றும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிற மாநிலங்களிலும் நஞ்சு சேகரிப்பது நோயாளிகளுக்கு அவசியம், அது நடந்தே ஆக வேண்டும். அப்படி நடக்கும்போது வடநெம்மேலியின் பங்கு குறையும். யூரியா மூட்டை வேடந்தாங்கலுக்கு வந்ததுபோல இங்கேயும் ஒரு நாள் மாற்று வரும்.

கடலுக்குள் கதை வேறு மாதிரி. இந்தக் கரையில் முட்டையிட வரும் சிற்றாமையைத் தமிழில் பங்குனி ஆமை என்பார்கள். இழுவலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. இதைத் தடுக்க அமெரிக்கா 1989-ல் ஒரு சந்தைக் கருவியைக் கையிலெடுத்தது. ஆமை தப்பிக்கும் திறப்பு இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்றது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம், ஆனால் அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதம் நாடுகளுக்கிடையே பாகுபாடு காட்டியது என்று 1998-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. உலகச் சூழல் சட்டப் பாடங்களில் இந்த வழக்கு இன்றும் நிற்கிறது. இங்குள்ள கரையிலோ அதன் விளைவு மெலிதாகவே பட்டது. இந்தியா அமெரிக்காவுக்கு அனுப்பும் இறாலில் பெரும்பகுதி பண்ணையில் வளர்த்த வன்னாமி இன இறால். கடலில் பிடித்த இறாலுக்குக் கதவு மூடியதால் இழுவலைப் படகுக்காரர் வலையை மாற்றும் அளவுக்கு நெருக்கடி வரவில்லை. 2025 ஜனவரியில் சென்னை முதல் செங்கல்பட்டு மாவட்டக் கரை வரை நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

வாஷிங்டனில் வைத்த விலை மாமல்லபுரத்துக் கடலை எட்டவில்லை. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் கிடைத்த நீலக்கொடிச் சான்று பயணிகளை ஈர்க்கும், மணலைச் சுத்தமாக வைக்கும். அதனால் ஆமைக்கு வலையிலிருந்து விடுதலை கிடைப்பதில்லை. இரவில் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பும் ட்ரீ பவுண்டேஷனும். ட்ரீ பவுண்டேஷனின் பணியில் மீனவ இளைஞர்களே ஆமைக் காவலர்களாக இருப்பது, காப்பவருக்குச் சிறிதேனும் வரவு போய்ச் சேரும் வழி.

அரசிடம் விலை வைக்கும் கருவிகளே இல்லை என்று சொல்ல முடியாது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் நிர்ணயித்தது. பின்னர் தொகை உயர்ந்தது. 2023 அக்டோபரில், மரம் நடுதல் போன்ற பணிகளுக்கு வரவுப் புள்ளி தரும் பசுமைக் கடன் விதிகள் வந்தன. இரண்டுமே வனநிலத்தையும் மரக்கன்றையும் மையமாகக் கொண்டவை. செங்கல்பட்டின் செல்வமோ ஏரி, வயல், முட்புதர், மணல்மேடு. முட்புதரைத் 'தரிசு' என்று பதிவேட்டில் எழுதி அங்கே வரிசையாக மரம் நட்டால் விரியனுக்கும் கவுதாரிக்கும் வீடு போகும், கணக்கில் மட்டும் பசுமை கூடும். இந்த மாவட்டத்துக்கு அந்தக் கருவி பொருந்தாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

பொருந்துவது எது? வழி ஏற்கெனவே நம் வீட்டிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்காக மீனவக் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை கொடுக்கிறது தமிழ்நாடு அரசு. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆகியிருக்கிறது. கடல் ஓய்வெடுக்கட்டும், அதன் செலவை அரசு ஏற்கும் என்ற ஏற்பாட்டை இந்தக் கரையின் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் தடைக்காலம் தொடங்குவது சித்திரையில். ஆமை வருவது தை முதல் பங்குனி வரை. ஆமை அதிகம் வரும் கடற்பகுதிகளில் அந்த வாரங்களுக்கு இழுவலையை நிறுத்தி வைக்கும் படகுகளுக்கும் அதில் வேலை செய்பவர்களுக்கும் இதே போன்ற ஈடு கொடுத்தால், கண்காணிப்புப் படகு மட்டும் செய்ய முடியாததை அது செய்யும்.

இருளருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நஞ்சு விற்கும் தொகையோடு, வயலில் எலியைக் கட்டுப்படுத்தும் சேவைக்கும் பாம்பு மீட்புக்கும் புறம்போக்குப் புதர்களைக் காப்பதற்கும் ஊராட்சிகள் சங்கத்துக்கு ஊதியம் தரலாம். செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் நல அமைப்பு 1980களிலிருந்து மூலிகையையும் மரக்கன்றையும் நம்பி இயங்கிக் காட்டியிருக்கிறது. நஞ்சு ஒன்றில் மட்டும் தொங்காமல் பல வழிகளில் வரவு வந்தால், மருந்துச் சந்தை மாறினாலும் குடும்பம் சாயாது.

வேடந்தாங்கலுக்கு வேண்டியது இன்னும் எளிது. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டருக்குள் நெல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு, பூச்சிக்கொல்லியைக் குறைப்பவருக்கு, ஏக்கர் கணக்கில் ஆண்டுத் தொகை. சரணாலய நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிடம் பெறும் ஒரு சூழல் கட்டணமும் அதற்கான நிதியாகலாம். தொகை நேராக ஆயக்கட்டுதாரர் கைக்குப் போக வேண்டும். தடை ஒரு கையிலும் ஈடு மறு கையிலும் இருந்தால்தான் 5 கிலோமீட்டர் என்ற கோடு மண்ணில் நிற்கும்.

1798-ல் ஊரார் முறையிடப் போனபோது கலெக்டர் கொடுத்தது ஒரு கவுல். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டம், அதற்கென ஓர் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. வேடந்தாங்கல் ஆயக்கட்டு முழுவதும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. புதிய கவுலை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.